வெண்டை நாராகிறது, பரங்கி காத்திருக்கிறது: ஆடிப் பட்டத்துக் காய்களை எப்போது பறிப்பது?

கேள்வி: ஆடியில் மாடித் தொட்டிகளில் வெண்டையும் கத்தரியும் விதைத்தேன். கீழே கொல்லை வேலியில் பீர்க்கையும் பரங்கியும் படர்ந்திருக்கின்றன. வெண்டைக்காய் சாண் நீளம் வந்தும் நார் நாராக இருக்கிறது. தோட்டம் அமைத்துக் கொடுத்தவர் “இன்னும் விடுங்கள், எடை கூடும்” என்றார். ‘காய் பெருக்கி’ என்று ஒரு பாட்டிலும் கொடுத்தார். சென்ற வாரம் மாடிச் செடிகளுக்குத் தெளித்தேன். புரட்டாசி முடியப் போகிறது. மழைக்கு முன் எல்லாவற்றையும் பறித்துவிடலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் கேட்டது பறிப்பைப் பற்றி. என்னைத் திடுக்கிட வைத்தது, நீங்கள் கேள்வியாகவே கேட்காத அந்தப் பாட்டில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதுவரை மாடியில் காய்த்த எதையும் சமைக்காதீர்கள்.

உங்கள் வெண்டைச் செடியில் குறை எதுவும் இல்லை. பறிக்கும் நாள் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். வெண்டைப் பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். அந்த நாளிலிருந்து எண்ணுங்கள். ஐந்தாம் நாள், மிஞ்சினால் ஆறாம் நாள், காய் கூடைக்கு வந்துவிட வேண்டும். பலர் விதைத்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். விதைத்த தேதி முதல் பறிப்புக்குத்தான் உதவும். பிறகு ஒவ்வொரு பூவுக்கும் தனிக் கணக்கு. காய்கறிக் கடையில், கடைக்காரர் முறைத்தாலும் நுனியை ஒடித்துப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? அதையே செடியிலும் செய்யுங்கள். ‘டக்’கென்று ஒடிந்தால் பறிக்கலாம். வளைந்து, தோல் நாராகத் தொங்கினால் முன்பே பறித்திருக்க வேண்டிய காய் அது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம் பறிக்க வேண்டும்.

எடை கூடும் என்றவர் தராசை நினைத்துச் சொல்லியிருக்கிறார், உங்கள் வீட்டு அடுப்பை நினைக்கவில்லை. விதை முற்றத் தொடங்கியதும் செடியின் சத்து அதற்கே போகிறது. புதுப் பூ குறைந்துவிடும். முற்றிய காயைத் தின்ன முடியாவிட்டாலும் ஒடித்து எறிய வேண்டும்.

கத்தரிக்குத் தோலின் பளபளப்புதான் அடையாளம். மங்கினால் உள்ளே விதை கறுத்துக் கடினமாகியிருக்கும். காம்போடு கத்தரிக்கோலால் வெட்டுங்கள், இழுத்தால் கிளை கிழியும். பீர்க்கையில் நகம் சுலபமாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உள்ளே நார் ஓடிவிட்டது.

இப்போது பரங்கி. இளசாகப் பறிக்கும் இந்த வழக்கம் இதற்குப் பொருந்தாது. பிஞ்சைக் கூட்டு வைப்பவர்கள் உண்டு என்பது வேறு விஷயம். வைத்துச் சமைக்க வேண்டுமென்றால் கொடியிலேயே முற்ற வேண்டும். மழைக்குப் பயந்து பாதியில் அறுத்த பரங்கி தண்ணீராக, இனிப்பே இல்லாமல் இருக்கும்; சில வாரங்களில் அழுகியும் போகும். நீங்கள் பார்க்க வேண்டியது காம்பை. பச்சையாகச் சாறோடு இருந்த காம்பு காய்ந்து, தக்கை போல் வெடிப்பு விட்டிருக்க வேண்டும். அடுத்து தோல். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம்கூடப் பதியக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் கத்தியால் அறுங்கள். காயோடு இரண்டு அங்குலக் காம்பு ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அது முறிந்தால் அந்த வாய் வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். அறுத்ததும் கழுவாமல், காற்றோட்டமான திண்ணையில், பலகையின் மேல், ஒன்றோடொன்று உரசாமல் பத்து நாள் வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் இறுகும். பிறகு பரணில் மாதக்கணக்கில் இருக்கும். பூசணிக்கும் இதே முறைதான். அதன் மேல் திருநீறு பூசியது போல் சாம்பல் படிந்தபின் அறுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்குள் முற்றியதை எடுத்துவிடுங்கள். முற்றாததன் அடியில் ஓர் உடைந்த ஓடோ வைக்கோலோ வைத்தால் போதும். ஈர மண் படாமல் தப்பிக்கும்.

இனி பாட்டில். அதன் மேல் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. ஒன்றும் எழுதியிருக்காது என்று நினைக்கிறேன். பெரிய கேனில் வாங்கியதைச் சின்னப் பாட்டில்களில் ஊற்றி, ‘இயற்கை டானிக்’ என்றும் ‘காய் பெருக்கி’ என்றும் பெயர் வைத்து வீடு வீடாக விற்பவர்களை வருடக்கணக்கில் பார்த்து வருகிறேன். உள்ளே இருப்பது வெறும் உரக்கரைசலாக இருக்கலாம், வளர்ச்சி ஊக்கியாக இருக்கலாம், பூச்சிக்கொல்லியும் கலந்திருக்கலாம். முறையாக விற்கும் பூச்சிமருந்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என ஏதேனும் ஒரு நிறத்தில் முக்கோணம் இருக்கும். சிவப்பு கொடிய விஷம், பச்சை வீரியம் குறைந்தது. தெளித்தபின் எத்தனை நாள் காத்திருந்து பறிக்க வேண்டும் என்பது உள்ளே மடித்து வைத்த தாளில் இருக்கும். எண்ணெய் விளக்கில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பொடி எழுத்து! யார் படிப்பதற்காக அச்சடிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968ஆம் ஆண்டில் வந்தது. அதற்குப் பதிலாகப் புதிய மசோதா 2008இல் ஒருமுறையும் 2020இல் ஒருமுறையும் மாநிலங்களவைக்கு வந்தது. நாம் பழைய சட்டத்தோடேயே காலத்தை ஓட்டினோம். அந்தப் பழைய சட்டத்திலும் உரிமம் இல்லாமல் பூச்சிமருந்து விற்பது குற்றம்தான். உங்கள் மாடிக்கு ஏறி வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

பெயர் தெரியாத மருந்துக்குக் காத்திருப்பு நாள் கணக்கிட யாராலும் முடியாது. உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீரில் கழுவினால் போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். செடிக்குள் ஊடுருவும் மருந்தாக இருந்தால் எந்தத் தண்ணீராலும் போகாது. ஆகவே கையுறை போட்டுக்கொண்டு மாடியில் உள்ள வெண்டை, கத்தரிக் காய்களையெல்லாம் பறித்து எறிந்துவிடுங்கள். மாட்டுக்குப் போடாதீர்கள், உரக்குழியிலும் சேர்க்காதீர்கள். மனம் வலிக்கும் என்று தெரியும். தினம் தண்ணீர் ஊற்றியவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆடியில் போட்ட வெண்டைக்கு எப்படியும் ஆயுள் முடியப் போகிறது, பிடுங்கிவிடுங்கள்.

மீதியைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு அந்தப் பாட்டிலோடு போய்ப் புகார் கொடுங்கள். விற்றவரிடம் ரசீது கேளுங்கள், தர மாட்டார். அதையும் புகாரில் எழுதுங்கள். அலைய முடியாவிட்டால் கிசான் அழைப்பு மையத்தின் 1800 180 1551 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கத்தரியை மட்டும் பிடுங்க வேண்டாம். தரையிலிருந்து ஒரு முழம் விட்டுக் கவாத்து செய்து, தொட்டிக்கு இரண்டு கை மண்புழு உரம் போடுங்கள். மழையில் துளிர்த்து, மார்கழி வாக்கில் மறுபடி காய்க்கும். பாட்டிலில் இருந்தது என்னவென்று தெரிந்தபின்தான் அந்தக் காயைச் சமைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.