வேற்றுக்கிரகத்தாருக்கு நம் விஞ்ஞானிகள் எதற்கு?

கேள்வி: பூமியைக் கைப்பற்றும் வேற்றுக்கிரகவாசிகள் மனித விஞ்ஞானிகளைச் சிறைப்பிடித்து வேலை வாங்குவதாகப் பல அறிவியல் புனைகதைகளில் வருகிறது. விண்மீன்களைக் கடந்து வரத் தெரிந்தவர்களுக்கு நம்மவர்களின் அறிவு எதற்கு?

பதில்: இயற்பியலுக்காக நிச்சயம் தேவைப்படாது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியே சுமார் 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து வந்திறங்கக் கூடியவர்கள் நம் ராக்கெட் பொறியாளரிடம் பாடம் கேட்க மாட்டார்கள். ஆகவே, கைதி விஞ்ஞானி அவர்களுக்குப் புதிய ஆயுதம் செய்து தரும் கதைகளை என்னால் நம்ப முடிவதில்லை. ஆனால், இம்மண்ணின் நுண்ணுயிர்களையும் நோய்களையும் மனித உடலையும் பற்றிய அறிவு இங்கேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. வந்தேறிகளுக்கு அது வேண்டியிருக்கும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தனக்குத் தெரியாத ஒன்றைக் கைதியிடம் செய்யச் சொல்பவர், அவர் சரியாகச் செய்தாரா என்பதை எப்படிச் சோதிப்பார்? இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்கு இதுதான் நேர்ந்தது. புக்கன்வால்ட் வதைமுகாமில், லுட்விக் ஃபிளெக் என்ற போலந்து யூத நுண்ணுயிரியலாளர் உள்ளிட்ட கைதிகளிடம், டைஃபஸ் காய்ச்சலுக்குத் தடுப்பூசி தயாரிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. (இது டைஃபாய்டு அன்று, பேன்கள் பரப்பும் வேறொரு நோய்.) தடுப்பூசிக்காக முயலின் நுரையீரலில் வளர்ந்திருப்பது உரிய கிருமியே அல்ல என்பதை ஃபிளெக் கண்டுகொண்டார், மேற்பார்வையிட்ட எஸ்.எஸ். (நாஜிகளின் சிறப்புப் படை) மருத்துவருக்கோ அதை இனங்காணும் திறன் இல்லை. கைதிகள் இதை மறைத்துவிட, பயனற்ற மருந்து எஸ்.எஸ். படையினருக்குப் போயிற்று, பின்னர் சிறிதளவே தயாரிக்க முடிந்த உண்மையான தடுப்பூசி, சக கைதிகளுக்கும் பரிசோதனைக்குக் கேட்கப்பட்ட மாதிரிகளுக்கும் பயன்பட்டது.

சிறையில் இருந்தபடியே விமானம் வடிவமைத்த சோவியத் பொறியாளர் துப்போலெவைச் சிலர் எதிர்வாதமாகக் காட்டலாம். 1937-இல் ஸ்டாலின் அரசு கைது செய்த அவர், காவலில் இருந்தே டு-2 குண்டுவீச்சு விமானத்தை உருவாக்கினார் என்பது உண்மையே. ஆனால் அந்த விமானம் அவருடைய சொந்த நாட்டுக்கானது. அதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள்.

புத்திசாலியான வேற்றுக்கிரக அதிகாரி, ஒரே வேலையை ஒருவரையொருவர் அறியாத இரண்டு கைதிக் குழுக்களிடம் கொடுத்து, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார். புக்கன்வால்டில் ஏமாற்று பலித்ததற்கு, விவரம் அறிந்தவர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததும், அவர்களில் எவரும் காட்டிக்கொடுக்காததும் முக்கியக் காரணங்கள்.