மலை இறங்கும் பத்மினிக்கு டிஸ்க் பிரேக் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1986ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி, விற்க மனமில்லை. சென்ற மாதம் குடும்பத்துடன் ஏற்காடு போய்த் திரும்பும்போது, பாதி மலையில் பிரேக் பெடல் மெத்தை போல அமுங்கிவிட்டது. கருகிய வாடை வேறு. கைப் பிரேக்கைப் பிடித்து எப்படியோ ஓரம் கட்டினேன். சக்கரங்களில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்ததும் பிரேக் தானாகவே சரியாகிவிட்டது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. அந்தப் பணத்தில் கால் பங்கைக்கூடச் செலவழிக்காமல் தீரக்கூடிய நோய் இது.

நோய் என்னவென்று உங்கள் கடிதத்தின் ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிட்டது: மெத்தை. மலை இறக்கத்தில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். ஒன்று, பெடல் கல்லாக நிற்கும்; முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்காது. டிரம்மின் உட்புறத்தில் உரசிப் பிடிக்கும் லைனர் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது என்று அதற்குப் பொருள். மற்றது உங்களுக்கு நேர்ந்தது. பெடல் மெத்தையாக அமுங்கித் தரையைத் தொட்டால், சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விட்டது. அரை மணி நேரத்தில் சூடு தணிந்து ஆவி மறுபடி திரவமானதும் பெடல் திரும்பி வந்தது. அதைத்தான் 'தானாகவே சரியாகிவிட்டது' என்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் பயமாக இருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அதன் தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இதே அளவுகள் 230, 155. அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கிறோம். உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

ஆயில் மட்டுமே குற்றவாளி என்றும் சொல்லமாட்டேன். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் வருவதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். நான்கு பேரும் பைகளுமாக உங்கள் பத்மினி 1,200 கிலோ வரும். அவ்வளவு எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், ஏறக்குறைய நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு பெரிய அண்டா. அந்த அண்டாவை நான்கு டிரம்களின் மேல் ஏற்றியிருக்கிறீர்கள். நம் சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) உருக்காலை உலைக்கே செங்கல்லாகப் போகிறது. பிரேக் லைனர் அந்தச் சாதி இல்லை.

எந்தக் கியரில் இறங்கினீர்கள்? ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் பெட்ரோல் போட்ட இடம் இருக்கிறது, குரங்கு பிடுங்கிப்போன பிஸ்கட் பொட்டலம் இருக்கிறது, கியர் மட்டும் இல்லை. நான்காவது கியரில், அல்லது நியூட்ரலில், பெடலில் காலை வைத்தபடியே வந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள். தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிய லாரிகளின் கதையைச் சேலத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பத்மினிக்கு இரண்டாவது கியர். என்ஜின் கத்தும், கத்தட்டும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே ஒரு முறை அழுத்தமாகப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட அந்த நேரத்தில்தான் டிரம்முக்குக் காற்று கிடைக்கிறது.

இன்னொன்று, சூடான டிரம்மில் இனி தண்ணீர் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு அது, திடீர்க் குளிரில் கோணும், விரிசலும் விடும். உங்களுடையதைக் கழற்றி, விரிசல் இல்லையென்று பார்த்த பிறகே லேத்தில் கொடுங்கள். கடைந்து கடைந்து விட்டம் அளவு மீறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

இனி டிஸ்க் விஷயம். டிஸ்க் மட்டம் என்று நான் சொல்லவில்லை. சூடு சீக்கிரம் தணியும், மழையில் நனைந்தாலும் உடனே பிடிக்கும். ஆனால் அது தனியாக வந்து குடியேறும் விருந்தாளி இல்லை, குடும்பத்தோடு வரும்.

1990களின் நடுவில், பட்டறை போட்ட புதிதில், ஒரு பத்மினிக்கு வேறு வண்டியின் டிஸ்க்கை முன்பக்கம் மாட்டினேன். தாங்கியைக் கடைந்து, போல்ட் துளைகளைப் பொருத்தி, இரண்டு நாள் வேலை. பெருமையாக ஏற்காட்டுக்கு ஓட்டிப் போனோம். இறங்கும்போது இல்லை, ஏறும்போதே சக்கரம் புகைந்தது! டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் நிறுத்திவைக்கும் ஒரு வால்வு உண்டு. டிரம்மில், லைனர் ஒட்டிய ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அது தொந்தரவில்லை. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் கிடையாது. டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேட் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரை நான் மாற்றவில்லை. முழுக்க என் தவறு. சொந்தக் காசில் பழையபடி டிரம்மை மாட்டிக் கொடுத்தேன்.

இன்னும் இருக்கிறது. டிரம்முக்குள் சுழற்சியே ஷூவை டிரம்மோடு சேர்த்து இழுத்துக் கொஞ்சம் உதவி செய்யும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, எல்லாம் உங்கள் கால்தான். ஆகவே மிதியின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் வேண்டும். முன்பக்கம் மட்டும் பிடிப்பு கூடினால் முன்பின் சமநிலை கெடும். 14 அங்குல ரிம்முக்குள், பேட்களைத் தாங்கும் காலிப்பர் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவை அத்தனைக்கும் உங்கள் மெக்கானிக்கிடம் பதில் இருந்தால் அவர் நல்ல மெக்கானிக். 'மாட்டிப் பார்க்கலாம்' என்றால், அன்றைய என்னைப் போன்றவர்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாக, பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உங்களுடையது ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வாளர் முன் நிற்க வேண்டிய வண்டி. கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நானாக இருந்தால் வீல் சிலிண்டர்களுக்கும் மாஸ்டருக்கும் புது ரப்பர் போடுவேன். ஹோஸ்களைத் தயங்காமல் மாற்றுவேன். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே உப்பியிருக்கும். நல்ல லைனர் ஒட்டி ஷூவை அட்ஜஸ்ட் செய்து, முழுவதும் டாட் 4 ஆயில் ஊற்றிக் குழாய்களிலிருந்து காற்றெடுப்பேன். பழைய லைனர் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். ஏர் அடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டாவது கியரில் ஒரு முறை ஏற்காடு போய் வாருங்கள். அப்போதும் பெடல் அமுங்கினால், அடுத்த கடிதத்தில் டிஸ்க் பற்றிப் பேசலாம். என்ஜினை மாற்றி வேகம் கூட்டிய பத்மினி என்றால் இன்றே பேசலாம். உங்களுடையது அப்படி இல்லையே.

கேள்வி: புதிதாக ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருக்கிறோம். கியரே போட வேண்டாத வண்டியில் ஏற்காட்டிலிருந்து எப்படி இறங்குவது?
வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: கியர் இருக்கிறது அம்மா, அது தானாக மாறிக்கொள்கிறது, அவ்வளவுதான். லீவர் பக்கத்தில் 'எல்' என்றோ '2' என்றோ கூட்டல் கழித்தல் குறியோ இருக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே அங்கே தள்ளுங்கள். என்ஜினை அணைத்து இறங்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூஸ்டர் வேலை செய்யாது, பெடல் இறுகிவிடும்.

கேள்வி: அவசரத்துக்குப் பிரேக் ஆயிலுக்குப் பதிலாக என்ஜின் ஆயில் ஊற்றலாமா?
வாசகர், கிச்சிப்பாளையம்

பதில்: கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊறி உப்பிவிடும். பிரேக் பிடித்தால் விடாது, அல்லது பிடிக்கவே பிடிக்காது. 'ஊற்றலாமா' என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஊற்றிவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம். அந்தப் பாதியில் நீங்கள் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். குழாய்களைக் கழுவி, ஒரு ரப்பர் விடாமல் மாற்ற வேண்டும்.