வாலை நறுக்கலாமா?

கேள்வி: சிமென்ட் தரைக் கொட்டிலில் நாற்பது பன்றிகள் வளர்க்கிறேன். தீவனத்துக்கும் தண்ணீருக்கும் குறையில்லை. ஆனாலும் ஒன்றின் வாலை இன்னொன்று கடித்துப் புண்ணாக்குகிறது. இனிப் பிறக்கும் குட்டிகளுக்கு வாலை நறுக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். நானும் நறுக்கியவள்தான். கால்நடை மருத்துவராகச் சேர்ந்த புதிதில், ஒரு பண்ணையில் ஒரே காலையில் முப்பது குட்டிகளுக்கு வால் நறுக்கினேன். மயக்க மருந்து கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் போனபோது வால்கள் தப்பியிருந்தன. காது மடல்கள் கிழிந்திருந்தன. அன்றைய அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

பன்றிக்கு மூக்குதான் கை. பன்றி நிலத்தை உழுததாகச் சங்கப் புலவர்கள் பாடியது சும்மா அல்ல. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் அலெக்ஸ் ஸ்டோல்பாவும் டேவிட் வுட்-கஷும் பண்ணைப் பன்றிகளை மரமும் புதரும் உள்ள திறந்த நிலத்தில் விட்டுக் கவனித்தார்கள். பகலில் ஏறத்தாழப் பாதி நேரம் மேய்வதிலும் மண்ணைக் கிளறுவதிலும் கழிந்தது. வயிறு நிறைந்தாலும் அந்தத் தவிப்பு அடங்காது. உங்கள் தரையில் கிளற என்ன இருக்கிறது? எதிரே ஆடுவது பக்கத்துப் பன்றியின் வால் மட்டுமே. முதலில் மெதுவாக மெல்லும். ரத்தம் வந்துவிட்டால் மற்றவையும் கூடிவிடும்.

தினமும் புது வைக்கோல் போடுங்கள். கழிவு வாய்க்கால் அடைத்துக்கொள்ளும் என்றால், சணல் கயிறும் பச்சைக் கிளைகளும் கட்டித் தொங்கவிடுங்கள். இரும்புச் சங்கிலி போதாது. எவ்வளவு கடித்தாலும் மாறாத பொருள் சில நாளில் அலுத்துவிடும். தீவனத் தொட்டியில் நெரிசல், குளிர்காற்று, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா ஆகியவையும் கடியைத் தூண்டும். காலையில் கொட்டிலுக்குள் போனதும் வால்களைப் பாருங்கள். சுருண்டு நிமிர்ந்திருந்தவை தொங்கிப் பின்னங்கால்களுக்கு இடையே ஒடுங்கினால், கடி தொடங்கிவிட்டது அல்லது தொடங்கப்போகிறது. கடிக்கும் பன்றியைக் கண்டுபிடித்துப் பிரித்துவிடுங்கள். கடிபட்டதையும் தனியே வைத்து உடனே சிகிச்சை கொடுங்கள். வால் புண்ணின் சீழ் முதுகெலும்பு வரை ஏறக்கூடும்.

கேள்வி: குட்டி ஈனுவதற்கு முதல் நாள் என் தாய்ப்பன்றி கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது, வெறுந்தரையை முன்னங்காலால் சுரண்டுகிறது. நோயா?

பதில்: நோயல்ல, கூடு கட்டப் பார்க்கிறது. சினைக்காலம் சுமார் 114 நாள். அதன் கடைசி 24 மணி நேரத்தில் ஹார்மோன்கள் உந்த, பள்ளம் பறித்து, புல்லையும் குச்சியையும் வாயில் சுமந்துவந்து படுக்கை அமைப்பது அதன் இயல்பு. புல்லையே பார்க்காமல் கூண்டில் வளர்ந்த பன்றிக்கும் இது வரும். பாவம், கம்பியைத் தவிர அதற்கு வேறு எதுவும் எட்டவில்லை. திரும்பிப் படுக்க இடமுள்ள அறைக்கு மாற்றி, ஒரு கட்டு வைக்கோல் கொடுங்கள். தாய் சாயும்போது குட்டிகள் நசுங்காமல் ஒதுங்க, சுவரோரம் தரைக்குச் சற்று மேலே ஒரு தடுப்புக் கம்பி பொருத்துங்கள்.