வேலியோர மஞ்சள் பூவும் எலியின் மூளையும்

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டு வேலியோரம், குழல் போல மஞ்சள் பூ தொங்கும் பெரிய செடி நிற்கிறது. இதன் நஞ்சு எலி மூளையின் மரபணுவையே மாற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டிவிடுங்கள். எலிக்காக அல்ல, குழந்தைக்காக.

நீங்கள் சொல்வது புருக்மான்சியா. ஊமத்தையின் நெருங்கிய சொந்தம். ஊமத்தைப் பூ நிமிர்ந்து நிற்கும், இது தொங்கும். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த செடி, இன்று நீலகிரியின் ஓடைக்கரைகளில் தானாகவே வளர்கிறது. இலை, பூ, விதை எல்லாவற்றிலும் ஸ்கோபாலமின், அட்ரோபின் என்ற நச்சுப் பொருட்கள் (ஆல்கலாய்டுகள்) உண்டு.

எலிச் செய்தியில் உண்மை இருக்கிறது, சொன்ன விதம்தான் தப்பு. நினைவுக்குத் தேவையான அசிடைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளை வேலை செய்யவிடாமல் ஸ்கோபாலமின் தடுக்கும். அதனால் எலிக்கு இதை ஊசியில் ஏற்றி மறதியை வரவழைத்து, மறதி நோய்க்கான மருந்துகளைச் சோதிப்பார்கள். அப்போது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் பிடிஎன்எஃப் என்ற மரபணுவின் செயல்பாடு குறைகிறது. மரபணு அப்படியேதான் இருக்கும், அது வேலை செய்யும் அளவுதான் குறையும். அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் எலியின் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் போடுவார்கள். மலைப்பாதை வாந்திக்குக் காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமின் பட்டையோ, ஒரு முழு ஆளுக்கு 3 நாளில் மொத்தமே 1 மில்லிகிராம்தான் தரும். எலிக்குப் போடுவது அவ்வளவு பெரிய அளவு, அதுவும் ஊசியில். எனவே உடம்புக்குள் போகாமல், வேலியில் செடி நின்றதாலேயே யாருக்கும் மூளை கெட்டுவிடாது.

வாய்க்குள் போனால் கதை வேறு. எந்த இலையில் எவ்வளவு நஞ்சு என்று கணிக்கவே முடியாது. குழந்தைக்கு முகம் சிவந்து, வாய் வறண்டு, உடம்பு சுட்டு, கண்ணின் பாவை விரிந்து, இல்லாததைப் பார்த்துப் பேசினால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். தின்ற இலையையோ பூவையோ கையோடு கொண்டுபோங்கள், மருத்துவருக்குப் பெரிய உதவி. தின்றதைக் கண்ணால் பார்த்திருந்தால் அறிகுறி வரும்வரை காத்திருக்கவே வேண்டாம்.

வெட்டும்போது கையுறை போடுங்கள். சாறு பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் விரிந்து பார்வை மங்கும். வெட்டிய கிளையை ஆடு மாட்டுக்குப் போடக் கூடாது. ஓடையோரம் எறிந்தாலும் துண்டிலிருந்தே வேர்விட்டு முளைக்கும். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அப்புறம் குழிதோண்டிப் புதையுங்கள். அடிக்கட்டையை விட்டுவைத்தால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுத்துவிடுங்கள்.