தொண்டு நிறுவனக் கணக்கைப் படிப்பது எப்படி? புதிதாக நிதி வழங்குவோருக்கான கேள்வி பதில்

நிகர சொத்து நிறைய காட்டுகிறார்கள். அப்புறம் ஏன் நம்மிடம் கேட்கிறார்கள்?

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நிகர சொத்து என்பது மொத்தச் சொத்தில் கடன்களைக் கழித்த மீதி. அது 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் 60, இன்ன திட்டத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. அதை எடுத்து அலுவலகச் சம்பளம் போட முடியாது. மீதி 40-இல் 35 கட்டடமாகவும் வண்டியாகவும் நிற்கிறது. கைக்கு எட்டுவது 5. மாதச் செலவும் 5 என்றால், அடுத்த தவணை தள்ளிப்போனால் ஒரு மாதம்தான் தாங்குவார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். எந்த நிபந்தனையில் எவ்வளவு என்ற விவரம் கணக்கறிக்கையின் பின்னால் உள்ள குறிப்புகளில்தான் இருக்கும். குறிப்புகளைப் படிக்காமல் முடிவெடுக்காதீர்கள்.

இந்த ஆண்டு பற்றாக்குறை. நிராகரித்துவிடலாமா?

அவசரம் வேண்டாம். மூன்று ஆண்டுக்கான நிதி 90-ஐ முதல் ஆண்டிலேயே வரவு வைக்கும் கணக்கு முறைகள் உண்டு. ஆண்டுக்கு 30 செலவானால் முதல் ஆண்டு 60 உபரி, அடுத்த இரண்டு ஆண்டும் தலா 30 பற்றாக்குறை. தவறு எதுவும் நடக்கவில்லை. மூன்று ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் இருக்கலாம்?

எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது.

தணிக்கையாளர் குறை சொல்லவில்லை. நம்பலாம்தானே?

கணக்கு ஒழுங்காகக் காட்டப்பட்டிருக்கிறது என்பதை நம்பலாம். நஷ்டத்தையும் ஒழுங்காகக் காட்ட முடியும். நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்று ஐயம் தெரிவிக்கும் பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள். குறிப்புகளையும் படியுங்கள்.

நிர்வாகச் செலவு 15 சதவீதத்தைத் தாண்டினால்?

மேலே சொல்லிவிட்டேன்.

ஏற்க முடியவில்லை. நிர்வாகச் செலவு குறைவு என்பது நேர்மையின் அடையாளம் இல்லையா?

இல்லை. இயக்குநரின் சம்பளத்தில் எவ்வளவு திட்டத்துக்கு, எவ்வளவு நிர்வாகத்துக்கு என்று பிரிப்பது அந்த நிறுவனமே. 80 - 20 என்று பிரித்தால் நிர்வாகச் செலவின் சதவீதம் குறைவு, 50 - 50 என்றால் அதிகம், செலவு ஒன்றுதான். கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் உட்பட அமெரிக்காவின் மூன்று மதிப்பீட்டு அமைப்புகளே 2013-இல், இந்த விகிதத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள் என்று கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. மிகக் குறைந்த நிர்வாகச் செலவைப் பார்த்து நானே ஒரு நிறுவனத்தைப் பரிந்துரைத்தேன். போய்ப் பார்த்தால் முழுநேரக் கணக்காளர் இல்லை. ஏழு மாதமாக வங்கி இருப்பை யாரும் சரிபார்க்கவில்லை. களப்பணியாளர்களுக்குச் சம்பள பாக்கி. அந்தச் சிக்கனத்தைப் பாராட்டியவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றும் உறுத்துகிறது.

வரி விலக்கு பற்றி?

நாட்டுக்கு நாடு மாறும். ஆடிட்டரைக் கேளுங்கள்.

சரி, சதவீதம் வேண்டாம். முறைகேட்டை எங்கே தேடுவது?

தொடர்புடையவர்களுடனான பரிவர்த்தனை என்ற குறிப்பில் தொடங்குங்கள். நிர்வாகக் குழு உறுப்பினரின் கட்டடத்துக்கு வாடகை போகிறதா, உறவினரின் கடையில் கொள்முதல் நடக்கிறதா, விலையை யார் தீர்மானித்தார்கள் என்று பாருங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் நிறுவனத்துக்கு போன் போட்டு நேரடியாகக் கேளுங்கள்.