வாசகர் கேள்விகள்: அக்கா, தங்கை, ஒரே நாவல்

கேள்வி: நானும் என் தங்கையும் ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலைச் சேர்ந்து வாசித்தோம். ராத்திரியானால் போனில் அதே பேச்சுதான். அவளுக்கு அதில் வரும் தங்கை மரியானைப் பிடிக்கிறது, எனக்கு அக்கா எலினோரை. “நீ மூத்தவ, அதனாலதான் அந்தப் பக்கம் சாயறே” என்கிறாள். இப்படி நம்மையே தேடிக்கொண்டு வாசிப்பது சரியா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாகத் தேடுங்கள். நானும் அப்படித்தான் இந்த நாவலுக்குள் போனேன். எலினோருக்குப் பத்தொன்பது வயதுதான். அப்பா போன பிறகு வண்டியை விற்கச் சொல்வதும், வேலையாட்கள் மூன்று பேர் போதும் என்று அம்மாவைச் சம்மதிக்க வைப்பதும் அவள்தான். எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது அக்காதான் பண்ணையத்தைப் பார்த்தாள். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதிலிருந்து ஈரோட்டு மண்டிக்கு மஞ்சள் மூட்டை போகிற வரைக்கும் கணக்கெல்லாம் அவள் கையில். அவளுக்கும் மனதில் ஆசைகள் இருந்திருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. தான் விரும்பிய எட்வர்டுக்கு வேறொருத்தியோடு நிச்சயமான சேதியை எலினோர் நாலு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள் அல்லவா? அது தெரிந்ததும் மரியான் அதிர்ந்துபோகிற இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். தங்கைகள் எல்லோரும் வாசிக்க வேண்டிய பக்கம்.

ஆனால் உங்கள் இருவருக்கும் ஒரு வேண்டுகோள். யார் நல்லவள் என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். சொத்துக்காரக் கிழவரை, அப்பாவின் உறவுக்காரரை, வருடக்கணக்காகக் கூடவே இருந்து கவனித்துக்கொண்டது இந்தப் பெண்கள். எப்போதாவது வந்துபோன பொடியனின் மழலையில் மயங்கி, சொத்து அவனுக்குப் போகும்படி உயில் எழுதிவிட்டார் அவர். அந்தப் பொடியனின் அப்பா ஜான், இவர்களுக்கு அண்ணன். மூத்த தாரத்து மகன். தங்கைகளுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு கொடுக்க நினைக்கிறான். மனைவி ஃபேனி பேசப் பேச அது ஐந்நூறாகிறது. அப்புறம் அம்மாவுக்கு வருடத்துக்கு நூறு என்றாகி, எப்போதாவது ஐம்பது என்றாகி, கடைசியில் வீடு மாறும்போது சாமான் ஏற்ற ஒத்தாசையும் பருவத்துக்கு மீனும் வேட்டைக்கறியும் அனுப்பினால் போதும் என்று முடிகிறது. ஒருவரும் குரலை உயர்த்துவதில்லை. 1811-இல் அச்சான இந்த அத்தியாயத்தை வாசித்தபோது, ‘பொறந்தவளுக்குத்தான் வருஷம் தவறாம சீர் செய்யறோமே, அப்புறம் என்ன பங்கு?’ என்று எங்கள் ஊர்த் திண்ணையில் கேட்ட பேச்சு அப்படியே காதில் விழுந்தது.

நம் பக்கத்தில் அண்ணன் கல்யாணத்துக்கு இணைச்சீர் செய்ய உடன்பிறந்தவள் வேண்டும். இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண்ணையாவது கூப்பிட்டு நிறுத்துவார்கள். பாகம் பிரிக்கிற அன்றைக்கு அவளை யார் கூப்பிட்டார்கள்? தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் திருத்தப்பட்டு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான மகளுக்குக் கிடையாது. அக்காவுக்குக் கல்யாணம் 1986-இல், எனக்கு 1991-இல். மஞ்சள் கணக்கு எழுதியவளுக்கு இல்லாத உரிமை, அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போன எனக்கு இருந்தது. 2005-இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம்தான் அந்த வேறுபாட்டை நீக்கியது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு மனது ஆறுவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எலினோரின் நிதானத்தைக் குணம் என்று மட்டும் பார்க்காதீர்கள். கையில் காசில்லாத வீட்டில் யாராவது ஒருத்தி நிதானமாக இருந்தே ஆக வேண்டும்; அந்த வேலை மூத்தவள் தலையில் விழுகிறது. மரியான் மனம்விட்டு அழ முடிந்ததும் அக்கா ஒருத்தி இருந்ததால்தான். இன்னொரு முறை வாசிக்கும்போது ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். மரியான் காய்ச்சலில் கிடக்கும் அத்தியாயங்களை நீங்கள் வாசியுங்கள், எலினோர் வாய் திறக்காத அத்தியாயங்களைத் தங்கை வாசிக்கட்டும். போனில் பேச வேறு விஷயங்கள் கிடைக்கும்.

கேள்வி: நம் கொங்குப் பேச்சிலேயே இப்படிக் குடும்பமும் பங்குமாக ஒரு நாவல் உண்டா?
- ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942-இல் வெளிவந்த ‘நாகம்மாள்’. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் வீட்டில் இருந்துகொண்டே தன் பங்கைக் கேட்கிறாள். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துப் பெண் அப்படிக் கேட்பதை எழுதியதே பெரிய துணிச்சல். ஒரே கூரையின் கீழ் அவளும் ஓரகத்தி காளியம்மாளும் பேசிக்கொள்கிற இடங்களை நிறுத்தி வாசியுங்கள். சின்ன நாவல்தான். முடிவை மட்டும் யாரிடமும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளாதீர்கள்.