ஒன்பதாவதையே மறுபடி படிக்கப்போகும் பையனை எப்படித் தேற்றுவது?

பவானியிலிருந்து கேட்டிருக்கீங்க: மகன் ஒன்பதாவதில் ஃபெயில், ஜூனில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறான்.

நம்ம மாநில அரசுப் பள்ளிகளில் எட்டாவது வரை யாரையும் நிறுத்துவதில்லை. அதனால் பல பிள்ளைகளுக்கு ஃபெயில் என்ற சொல்லே ஒன்பதாவதில்தான் அறிமுகம். அடி பலமாகத்தான் விழும்.

முதலில் ஓட்டை எங்கே என்று பாருங்க. கோபி பக்கம் என் அக்கா மகனுக்கும் இதே கதை. கணக்குக்கு இரண்டு டியூஷன். கடைசியில் நோட்டைப் புரட்டினால் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறான்! பின்னக் கூட்டலே புரியவில்லை. ஆறாவது புத்தகத்தை எடுத்து தினமும் அரை மணி நேரம் உட்கார வைத்தோம். அதே பாடத்தை அதே மாதிரி இன்னொரு வருஷம் கேட்டால் எதுவும் மாறாதுங்க.

அதைவிடப் பெரிய தலைவலி சொந்தக்காரங்க. மாரியம்மன் நோம்பிக்கு வந்த பெரியம்மா, "எத்தனாவது கண்ணு?" என்றார். "ஒம்பதுங்க." "போன வருஷமும் அதானே சாமி?" இலையில் பாதிச் சோறு அப்படியே கிடக்க எழுந்து போய்விட்டான். அப்புறம் அக்கா ஒரு பதில் பழக்கினாள்: "கணக்கு வரலீங்க, திரும்பப் படிக்கறனுங்க." பொய் மட்டும் சொல்ல வைக்காதீங்க, அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

பள்ளியை மாற்ற அவசரப்பட வேண்டாம். வேறு செக்‌ஷன் கேட்டுப் பாருங்க. சாயங்காலம் பழைய சிநேகிதர்களோடு விளையாடப் போவதைத் தடுக்காதீங்க. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டே இருந்தால், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்க, இலவசம்தான்.